திருமங்கலம் வீட்டு மின் கட்டணமும் பெங்களூரில் நான் படித்த கணக்கும்

2024 ஜூன் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமங்கலத்திலிருந்து அம்மா அழைத்து, "ஏப்பா, கரண்ட் பில் கட்டிட்டியா?" என்று கேட்டார். தானியங்கிக் கட்டணம் அமைத்திருந்ததால், "அதுவாகவே போயிருக்கும்மா" என்றேன். "எவ்வளவு போச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "ஐநூத்தி நாப்பது யூனிட்டாம். ரீடிங் எடுக்க வந்த தம்பியே, என்னம்மா ஏசி போட்டீங்களான்னு கேட்டுட்டுப் போறாரு" என்று அவர் சொன்ன பிறகுதான் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 2,270 ரூபாய் போயிருந்தது. அந்த வீட்டில் குளிர்சாதனக் கருவியே கிடையாது. அம்மா ஒருவர்தான் இருக்கிறார். மூன்று ஆண்டுகளாகப் பெங்களூரிலிருந்து ஒழுங்காகப் பணம் கட்டிவந்த நான், கட்டியதைத் தவிர வேறெதையும் செய்யவில்லை என்பது அன்று விளங்கியது.

எனக்கு ஏன் முன்கூட்டியே தெரியவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கணக்கெடுத்தவுடன் வர வேண்டிய குறுஞ்செய்தி, 2021இல் காலமான அப்பாவின் எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த எண்ணை நாங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டோம். கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பதால், எங்கள் வீட்டுக் கணக்கை யாரோ ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படித்துக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன். இரண்டாவது காரணம் என் சோம்பல். யு.பி.ஐ. தானியங்கிக் கட்டணத்தில் 15,000 ரூபாய் வரை ரகசிய எண் கேட்காமலே பணம் எடுக்கப்படும். ஆனால் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பாகத் தொகையைச் சொல்லி அறிவிப்பு வரும். எனக்கும் வந்திருந்தது. மற்ற அறிவிப்புகளோடு சேர்த்து அதையும் விரலால் தள்ளியிருக்கிறேன்.

அன்று மாலையே மின் வாரிய இணையதளத்தில் உட்கார்ந்தேன். (2024இல் டான்ஜெட்கோ என்ற பெயர் மாறித் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகமாகிவிட்டது, கட்டணச் செயலிகளில் பழைய பெயரைத் தேடிக் கிடைக்காமல் தடுமாறுபவர்கள் டி.என்.பி.டி.சி.எல். என்று தேட வேண்டும். ஊர் வாயில் என்றைக்கும் ஈ.பி.தான்.) முதல் வேலையாகக் கைபேசி எண்ணை மாற்றினேன். அடுத்து, பணம் கட்டும் பக்கத்தை விட்டுவிட்டு, இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய கணக்கெடுப்புகளை வரிசையாகக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். கணக்கெடுத்த தேதி, மீட்டர் காட்டிய அளவு, செலவான யூனிட், தொகை, கட்டிய நாள் ஆகிய எல்லாம் அதில் இருந்தன. அப்பா பழைய டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த வெள்ளை அட்டையின் வேலையை இப்போது இந்தப் பக்கம் செய்கிறது. அட்டையில் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் அவர் வரிசையில் நிற்கப் போவார்.

படித்தபோது நான் செய்த முதல் பிழை, ஜூன் கணக்கை அதற்கு முந்தைய ஏப்ரல் கணக்கோடு ஒப்பிட்டது. ஏப்ரலில் 418 யூனிட், ஜூனில் 540. கோடைக்காலம், மின்விசிறி கூடுதலாக ஓடியிருக்கும் என்று மனம் உடனே சமாதானம் சொன்னது. ஒப்பிட வேண்டியது போன ஆண்டின் இதே கணக்கோடு என்று தோன்றியபோதுதான் சமாதானம் உடைந்தது. 2023 ஜூனிலும் இதே வெயில், இதே மின்விசிறிகள், இதே அம்மா. ஆனால் 452 யூனிட்தான். நாள் கணக்கையும் பார்த்தேன். கணக்கெடுப்பவர் எல்லா முறையும் சரியாக அறுபதாம் நாளில் வருவதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகும். 2023இல் அந்தக் கணக்கு 60 நாட்களுக்கு, 2024இல் 62 நாட்களுக்கு. வகுத்துப் பார்த்தால் அப்போது நாளொன்றுக்கு ஏழரை யூனிட், இப்போது 8.7. இரண்டு நாள் தாமதத்தால் வந்த வித்தியாசமில்லை. வீட்டில் ஏதோ கூடுதலாகத் தின்கிறது.

யூனிட் 88 கூடியதற்குத் தொகை 833 ரூபாய் எப்படிக் கூடியது என்பதை அடுத்ததாகப் போட்டுப் பார்த்தேன். பலருக்கும் மின் கட்டணம் புதிராகத் தெரிவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்தக் கோடையில் நடப்பிலிருந்தது 2022 செப்டம்பர் 10இல் வந்த கட்டண விகிதம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம் (இது 2016 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது), அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். ஆகவே 452 யூனிட்டுக்கு 225, 900, 312 என்று மொத்தம் 1,437 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,725.

அந்த விகிதப்படி, ஐநூற்றைத் தாண்டினால் கணக்கின் அடித்தளமே மாறிவிடும். முதல் 100 அப்போதும் இலவசம்தான், ஆனால் 2.25 ரூபாய் என்ற படி மறைந்து, 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.50 ரூபாய் ஆகிவிடும். 501ஆவது யூனிட்டிலிருந்து 600 வரை 8 ரூபாய். எனவே 501 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,350, 600, 8 என்று 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்: தன் விலை எட்டு, பறிபோன சலுகை 225. எங்கள் 540 யூனிட்டுக்கு 1,350, 600, 320 சேர்த்து 2,270. பிழை எதுவும் இல்லை, காசு பிசகாமல் சரியாகவே போட்டிருந்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது என்பதற்காகவே இவ்வளவு சொன்னேன்.

கட்டணச் சீட்டில் மொத்தத் தொகையும் அரசு மானியமும் தனித்தனியாகக் காட்டப்பட்டு, கழித்த பிறகு வருவதே நாம் கட்டும் தொகை. மேலே இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. வீட்டு இணைப்புகளுக்கு முன்பு இருந்த நிலைக்கட்டணம் 2022 மாற்றத்தோடு நீக்கப்பட்டுவிட்டது. சில சமயம் கூடுதல் வைப்புத்தொகை என்று ஒரு வரி சேர்ந்து வரும். அது செலவான மின்சாரத்துக்கான தொகை அல்ல, வீட்டின் சராசரிப் பயன்பாடு கூடியதால் பழைய வைப்புத்தொகை போதவில்லை என்று கேட்பது. வைப்புத்தொகைக்கு வட்டி வரவு வைக்கப்படும் என்பதையும் அதே சீட்டில் பார்க்கலாம்.

கணக்கு சரி என்றால், மீட்டர் சொல்வது சரியா? அம்மாவை மீட்டர் பெட்டிக்கு முன் நிற்க வைத்து, "என்ன தெரியுதும்மா?" என்றேன். "ஒம்பது, நாப்பது" என்றார். சற்று நேரம் திகைத்தேன். அவர் படித்தது மீட்டரின் கடிகாரத்தை. திரை மாறி "இருநூத்தி இருபத்தெட்டு" என்றார், அது மின்னழுத்தம். இன்றைய மீட்டர்கள் தேதி, நேரம், மின்னழுத்தம், உச்சத் தேவை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகும். ஓரத்தில் கிலோவாட் மணி என்ற ஆங்கிலக் குறி தெரியும்போது வரும் எண்தான் நமக்கு வேண்டியது. மூன்றாவது சுற்றில் 22433 என்று கிடைத்தது. ஜூன் 6ஆம் தேதி கணக்கெடுப்பில் இருந்தது 22404. மூன்றே நாட்களில் 29 யூனிட். மூன்று நாள் கணக்கை வைத்து முடிவுக்கு வருவது தவறு என்பதால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் மீண்டும் பார்க்கச் சொன்னேன். 22502. வாரத்துக்கு 69 யூனிட், நாளுக்கு ஏறத்தாழ 9.8. கட்டணச் சீட்டின் சராசரியான 8.7ஐ விடவும் கூடுதல். அதாவது கோளாறு அந்த இரண்டு மாதத்தின் இடையில் எங்கோ தொடங்கி, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். போனதும் வீட்டின் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, குளிர்பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். மின்சாரம் செலவாகும்போது மட்டும் அது கண்சிமிட்டும். எல்லாம் அணைந்ததும் சிமிட்டலும் நின்றது; ஆக, கம்பிகளில் எங்கும் கசிவு இல்லை, மீட்டரும் தானாக ஓடவில்லை. பிறகு ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. இந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணினேன். 57 சிமிட்டல். அறுபதால் பெருக்கி 3200ஆல் வகுத்தால் 1.07 கிலோவாட் வருகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு அது இயல்பானதே. மோட்டாரில் பழுதில்லை.

பழுது இரவில் அகப்பட்டது. படுக்கப் போகும்போது 22566.2 என்று குறித்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு 22568.1. எட்டு மணி நேரத்தில் 1.9 யூனிட். ஒரு மின்விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் சேர்த்து 1.1 போதும். மீதி 0.8 யூனிட், மோட்டார் கணக்கில் முக்கால் மணி நேரம். யாரும் குழாயைத் திறக்காத இரவில் மோட்டார் ஓடியிருக்கிறது. மார்ச் மாதத்தில், அம்மா சுவிட்சைப் போட மறந்துவிடுகிறார் என்று, தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானே போட்டு நிறைந்ததும் அணைக்கும் கருவியை வாங்கி மாட்டியது நான்தான். கிணற்றுக் குழாயில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருந்தது. குழாயின் முனையோ தொட்டிக்குள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. ஏற்றிய தண்ணீர் அதே குழாய் வழியாகச் சத்தமில்லாமல் கிணற்றுக்கே திரும்ப, தொட்டி குறைய, கருவி விழித்துக்கொண்டு மறுபடி ஏற்ற, இப்படியே இரவும் பகலும் நடந்திருக்கிறது. சுவரில் ஈரமில்லை, தரையில் சொட்டில்லை. சுவிட்சைக் கையால் போட்டுக்கொண்டிருந்த காலமாக இருந்திருந்தால், இரண்டாம் நாளே தொட்டி காலியாவதை அம்மா கவனித்திருப்பார். திங்கட்கிழமை குழாய்க்காரர் வந்து வால்வை மாற்றி, குழாய் முனையை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்தார்.

பணம் கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலும் நான் அடிபட்டிருக்கிறேன். 2021இல் முதன்முதலாகச் செயலியில் வீட்டு இணைப்பைச் சேர்த்தபோது, எண்ணின் நடுவே இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டேன். இந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலத்தைக் குறிக்கும். மதுரை மண்டலத்துக்கு 05. அந்த முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டுத் தேடி, எண்ணே இல்லை என்கிறதே என்று குழம்புபவர்களும் உண்டு. அடுத்து பிரிவு அலுவலகம், பகிர்மானம், கடைசியில் வீட்டின் இணைப்பு எண். நடுவில் பிசகினால் வேறொரு வீடு வரும். எனக்கும் வந்தது. திரையில் யாரோ ஒருவர் பெயர் தெரிந்தது. எங்கள் இணைப்பு தாத்தா காலத்தது, வீட்டை அவருக்கு விற்றவரின் பெயரிலேயே இருக்கும் போலிருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு 680 ரூபாயைக் கட்டிவிட்டேன். அது முன்பின் தெரியாத ஒருவரின் கட்டணமாகப் போய்ச் சேர்ந்தது. கட்டி முடிந்த தொகையைத் திரும்பப் பெற வழி கிடைக்கவில்லை. அதிலிருந்து, தொகையைப் பார்ப்பதற்கு முன் பெயரையும் பெயருக்குப் பின் எண்ணையும் வெள்ளை அட்டையோடு ஒப்பிடாமல் கட்டுவதில்லை.

இணைப்பு உண்மையில் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது என்பது 2022 நவம்பர் 15இல் ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோது உறுதியானது. வீடு என்னவோ அம்மாவுடையது, இணைப்போ இறந்துபோனவருடையது. உரிமையாளர், வாடகைதாரர் என்ற இரண்டோடு, உரிமையாளர்தான் ஆனால் பெயர் மாற்றவில்லை என்று மூன்றாவதாகவும் ஒரு தெரிவு வைத்திருந்ததைப் பார்த்தபோது, தமிழ்நாட்டு வீடுகளை நன்கு அறிந்த யாரோதான் அந்தப் படிவத்தை வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு முறை, ஒரு கட்டணச் செயலியில் பணம் கணக்கிலிருந்து போய், பரிவர்த்தனை நிலுவையில் என்று நின்றுவிட்டது. கடைசி நாள் வேறு. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்பதால், பதற்றத்தில் அடுத்த அரை மணியிலேயே இரண்டாவது முறையும் கட்டினேன். முதல் தொகை மறுநாள் ஏறியிருந்தது. கூடுதலாகக் கட்டியது முன்பணமாகி அடுத்த கணக்கில் கழிந்தது என்பதால் நட்டமில்லை. ஆனால் பதறியிருக்கத் தேவையில்லை. நிலுவையில் நின்றால் செயலியை விட்டுவிட்டு வாரியத்தின் தளத்தில் கட்டணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யு.பி.ஐ. வழியாகக் கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய தொகை போய்ச் சேராவிட்டால் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி இருக்கிறது. பரிவர்த்தனை எண் தெரியும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் கேட்கும்போது வசதியாக இருக்கும். எல்லாவற்றையும் விட, கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளாமல் இருந்தால் இந்தக் கதையே இல்லை.

2022இல் அம்மாவுக்கு வந்த குறுஞ்செய்தி வேறு ரகம். போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அனுப்பிய இடத்தில் வாரியத்தின் பெயர் இல்லை. பத்து இலக்கக் கைபேசி எண் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பயந்துபோய் அம்மா அழைத்தும்விட்டார். எதிர்முனையில் இருந்தவர், ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் மட்டும் கட்டிச் சரிபார்ப்போம் என்று பொறுமையாக வழிகாட்டியிருக்கிறார். அந்தச் செயலி நம் கைபேசித் திரையை அவர்கள் பார்ப்பதற்கானது. பத்து ரூபாய் கட்ட நாம் அடிக்கும் ரகசிய எண்ணே அவர்களுக்கு வேண்டியது. அம்மாவுக்குச் செயலி இறக்கத் தெரியாது. அது அன்று காப்பாற்றியது. இப்போது அவருடைய அலமாரிக் கதவின் உட்புறம் இரண்டு எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன்: மின்சாரப் புகார்களுக்கான மின்னகம் 94987 94987, இணையவழிப் பண மோசடி நடந்தால் உடனே அழைக்க 1930. துண்டிப்பு என்று யார் சொன்னாலும், சொன்ன எண்ணை விட்டு முதல் எண்ணை அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆகஸ்டில் வந்த கணக்கு 486 யூனிட். இதற்குள் ஜூலை 1 முதல் கட்டணம் உயர்ந்து, 2.25 என்றிருந்தது 2.35 ஆகவும், 4.50 என்றிருந்தது 4.70 ஆகவும், 6 ரூபாய் 6.30 ஆகவும் மாறியிருந்தது. விகிதம் மாறும் காலத்தில் ரூபாயை ரூபாயோடு ஒப்பிட்டால் வீட்டில் நடப்பது தெரியாது என்பதால் யூனிட்டையே பார்த்தேன். ஜூன் 24 வரை நாளுக்கு 9.8 ஓடியதையும் சேர்த்துத்தான் இந்த 486. வால்வை மாற்றாமல் விட்டிருந்தால் 588 வரை போயிருக்கும். ஐநூற்றுக்குப் பதினான்கு யூனிட் உள்ளே நின்றுவிட்டோம். தானியங்கிக் கட்டணத்தை ரத்து செய்துவிட்டேன். குறுஞ்செய்தி வந்ததும் திறந்து பார்த்து, கையால் கட்டுகிறேன்.

அம்மா ஞாயிறுதோறும் மீட்டர் பார்ப்பதை விடவில்லை. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எண்ணை எழுதி, முந்தைய வாரத்தைக் கழித்து, கீழே ஒரு கோடு போட்டு வைக்கிறார். போன வாரம் அழைத்தவர், நலம் விசாரிப்பதற்கு முன்பே, "நானூத்தி முப்பது ஆயிருச்சு, ரீடிங் எடுக்க இன்னும் ஒம்பது நாள் இருக்கு. ஒன் தங்கச்சி பிள்ளைகளோட வர்றேங்குது, வாட்டர் ஹீட்டரை என்ன செய்ய?" என்று கேட்டார். ஒன்பது நாளுக்கு எழுபது யூனிட் இருக்கிறது, தாராளமாகப் போடச் சொல்லுங்கள் என்றேன்.